வியாழக்கிழமை மருந்து

"அந்தக் குருவிக்காரி யாருன்னு மட்டும் கண்டுபிடிச்சுச் சொல்லுங்க. மத்ததை நான் பாத்துக்கறேன்," என்றாள் இபு யத்தேமி.

சொல்லிவிட்டு ஒரு பிளாஸ்டிக் பையை மேஜை மேல் கவிழ்த்தாள். உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் குழாய் ஒன்று உருண்டு வந்து என் முழங்கையில் இடித்தது. கூடவே உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு ரப்பர் பந்து, அதன் வாலில் குட்டி ட்யூப். கடைசியாக ஒரு ரப்பர் வளையம் விழுந்து சுற்றிச் சுற்றி வந்து படுத்தது.

என் பெயர் ரத்மி. எங்கள் ஊரில் மரியாதைக்கு ஆணைப் பாக் என்றும் பெண்ணை இபு என்றும் சொல்வோம். சுரபாயாவில் பாக் தேஜோ நடத்தும் துப்பறியும் அலுவலகத்தில் நான்தான் உதவியாளர், வண்டியோட்டி, டீ வாங்குபவள், வாய். கடைசி வேலைக்குத் தனிச் சம்பளம் கிடையாது. பாக் தேஜோ முன்னாளில் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குத் துப்பறிந்தவர். கழுத்துப் பொத்தான் வரை போட்டுக்கொண்டுதான் தூங்குவார் என்று அவர் மனைவி இபு ஹர்னியே சொல்லியிருக்கிறாள். அந்த இபு ஹர்னியும் யத்தேமியும் வெள்ளிக்கிழமை குரான் ஓதல் கூட்டத்தில் ஒரே பாயில் உட்காருகிறவர்கள். கேஸ் எங்களிடம் வந்தது அந்த வழியாகத்தான்.

கேஸ் இதுதான். யத்தேமியின் புருஷன் பாக் பர்லான், தையல் மிஷின் ரிப்பேர்காரர். போன வியாழக்கிழமை மத்தியானம் வொனொக்ரொமோ ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு லாட்ஜ் அறையில் செத்துக் கிடந்தார். மாரடைப்பு என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். பொழுது சாய்வதற்குள் அடக்கமும் ஆகிவிட்டது. பல மாதமாகவே வியாழன் தவறாமல் அதே லாட்ஜுக்கு வருவாராம். கதவைச் சாத்திக்கொள்வாராம்.

"பொம்பளை யாரும் வந்து போனதை லாட்ஜ்காரன் பாத்தானா?" என்று கேட்டார் பாக் தேஜோ.

"பாக்கலேன்னுதான் சொல்றான். காசு வாங்கினவன் வேற எப்படிச் சொல்லுவான்?" குழாயைச் சுட்டினாள். "இதெல்லாம் அந்த ரூம்ல இருந்ததுன்னு போலீஸ்காரர் குடுத்தார். இது குருவிக்குத் தீனி போடற குழாய், இது தண்ணி தெளிக்கிற பந்து, இது கால் வளையம்னார். அவரே நாலு கூண்டு வெச்சிருக்கிறவர், அவருக்குத் தெரியாதா? எங்க வீட்ல குருவியே கிடையாது பாக். அப்ப அவ வீட்ல இருக்குன்னுதானே அர்த்தம்?"

இந்த ஊரில் ஓர் ஆண்பிள்ளை கையில் எதைக் கொடுத்தாலும் அது குருவிச் சாமானாகத்தான் தெரியும். அதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. காரணம், அழுது வீங்கிய அவள் கண்.

கருப்பு முக்காட்டின் நெஞ்சுப் பக்கத்தில் நூல் கோத்த ஊசி ஒன்றைக் குத்தி வைத்திருந்தாள். தைக்கிற பெண்களின் வழக்கம். பேசப் பேச அந்த ஊசி ஏறி இறங்கியது.

"அவருக்கு அடிவயித்துல ஆபரேஷன் ஆச்சு. புத்துநோய்க் கட்டி. அன்னைலேருந்து பாயை எடுத்துட்டுப் போய் முன்னறையில படுத்தார். புழுக்கமா இருக்குன்னார். ரெண்டு வருஷமாவா புழுங்கும்?" குரல் உடைந்தது. "வெள்ளிக்கிழமை காலைல குழாயடியில எல்லாரும் ஈரத் தலையோட வருவாளுக. ஒருத்திய ஒருத்தி இடிச்சுக்கிட்டு சிரிப்பாளுக. நானும் விடியறதுக்கு முன்னாடி எந்திரிச்சுத் தலையை நனைச்சுக்கிட்டுப் போவேன். யாருக்கும் தெரியக் கூடாதுல்ல? இவர் என்னடான்னா இன்னொருத்திகிட்ட போயிருக்கார்."

பாக் தேஜோ தரையைப் பார்த்தார்.

"இன்னைக்கு ஏழாம் நாள் துவா. மக்ரிபு தொழுகை முடிஞ்சு சந்து ஆம்பளைங்க எல்லாம் வந்து உக்காருவாங்க. அவருக்காக நான் ஆமீன் சொல்லணுமா வேண்டாமா? அதுக்குள்ள எனக்குத் தெரியணும்."

பாக் தேஜோ பிளாஸ்க்கைப் பார்த்தார். அதுவும் லாட்ஜிலிருந்து வந்ததுதான், அன்றைக்கு வீட்டிலிருந்து காப்பி ஊற்றிக்கொண்டு போனது. மேஜை ஓரத்தில் தனியாக நின்றது. திறந்து முகர்ந்தார். அடியில் கிடந்த கசண்டை விரல் நுனியில் தொட்டு நாக்கில் வைத்தார். முகம் சுளித்தது.

"இதையும் எடுத்துக்கறேன், இபு."

வெளியே வந்து வண்டியை உதைத்தேன். "குருவிக்காரியைத் தேடணும்னா இந்த ஊர்ல பாதி வீட்டுக் கதவைத் தட்டணும் பாக்."

"அப்படி ஒருத்தி இல்ல ரத்மி."

"எப்படிச் சொல்றீங்க?"

"கிழமையைப் பாரு. வியாழன் ராத்திரி கட்டினவளுக்குன்னு ஊரே ஒதுக்கி வெச்ச ராத்திரி. வப்பாட்டி வீட்டுக்குப் போறவன் திங்கள் போவான், செவ்வாய் போவான். வியாழன் மத்தியானம் போயிட்டு ராத்திரி எந்த முகத்தோட வீட்டுக்கு வருவான்?"

"அனுபவஸ்தர் மாதிரி பேசறீங்க."

"வண்டியை ஓட்டு."

குருவிச் சந்தையில் இருக்கிற சத்தத்தில் நம் பெயரே நமக்கு மறந்துபோகும். தெரிந்த கடைக்காரன் ஒருவன் குழாயை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தான். ஒரு கண்ணை மூடிக்கொண்டு உள்ளே பார்த்தான். அப்புறம் என்னைப் பார்த்தான்.

"தங்கச்சி, இது அடியில தொறந்து கெடக்கு. தீனி போட்டா அத்தனையும் கீழ கொட்டும். தண்ணிப் பந்துங்கறீங்க, இது காத்தை வெளிய தள்ளல, உள்ள இழுக்குது." வளையத்தை விரலில் மாட்டிச் சுழற்றினான். "இது மயில் காலுக்குக்கூடப் பெரிசு. என்ன குருவி வளக்கறீங்க, நெருப்புக் கோழியா?"

பக்கத்தில் கூண்டு வாங்கிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் சட்டென்று திரும்பினார். குழாயைக் கண்டதும் அவர் காது சிவந்தது. என்னைப் பார்த்ததும் கழுத்து வரை இறங்கியது. பாக் தேஜோவின் கையைப் பிடித்துக் கூண்டுகளுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார். இரண்டு பேரும் ஏதோ தங்கம் கடத்துகிற மாதிரி குசுகுசுத்தார்கள். திரும்பி வந்தபோது பாக் தேஜோவின் காதும் அதே நிறத்தில் இருந்தது.

"என்னவாம்?"

"அவருக்கும் அதே ஆபரேஷனாம். அவருக்கும் ஒண்ணு குடுத்திருக்காங்களாம்."

"எதுக்கு?"

"டாக்டர் சொல்லுவார். வண்டியை எடு."

"நீங்களே சொன்னா என்ன, நான் என்ன பச்சைக் கொழந்தையா? ஒரு கல்யாணம் பண்ணி அதை வெட்டியும் விட்டிருக்கேன்."

"வண்டியை எடு ரத்மி!"

பர்லானுக்கு ஆபரேஷன் செய்த, ஆண்கள் வியாதிக்கென்றே இருக்கிற கிளினிக்கில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் ஒரே பேப்பரின் ஒரே பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தார்கள். நான் நுழைந்ததும் பேப்பர்கள் இன்னும் கொஞ்சம் உயர்ந்தன. யத்தேமியிடம் போனில் பேசி, அவள் சம்மதத்தைக் கேட்ட பிறகே டாக்டர் வாயைத் திறந்தார். பர்லான் இறந்த சேதியே அவருக்கு அப்போதுதான் தெரியும். கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார்.

"அந்த ஆபரேஷன்ல கட்டியோட பக்கத்து நரம்பும் அடி வாங்கும். விறைப்பு நின்னுடும். பல பேருக்கு மெதுவாத் திரும்பும், ஆனா அதுவரைக்கும் அந்த இடத்துக்கு ரத்தம் போயிட்டு வரணும், இல்லேன்னா சுருங்கிடும். மாத்திரை இருக்கு. ஆனா அவருக்கு நான் எழுதல. அவர் நெஞ்சு வலிக்கு நாக்குக்கு அடியில மாத்திரை வெச்சுக்கறவர். ரெண்டும் சேர்ந்தா ரத்த அழுத்தம் அப்படியே விழுந்துடும், ஆளும் விழுந்துடுவார். ஊசி போட்டுக்கலாம்னேன், அந்த இடத்துலயான்னு நடுங்கிட்டார். கடைசியா இந்தப் பம்ப். குழாய்க்குள்ள காத்தை உறிஞ்சினா ரத்தம் இறங்கி வரும். வளையம் அதை நிறுத்தி வைக்கும். உடம்புக்குப் பயிற்சி மாதிரி."

"லாட்ஜ் எதுக்கு டாக்டர்?" என்றேன்.

"வீட்ல ப்ளைவுட் சுவராம். மகள், மருமகன், கைக்குழந்தை. தையல் மிஷின் சத்தமே பக்கத்து வீட்டுக்குக் கேக்கும், இது கேக்காதான்னார். கிண்டலா சொல்லல, அழுதுட்டே சொன்னார். மனைவிகிட்ட சொல்லுங்கன்னு எவ்வளவோ சொன்னேன். 'ஒரு தடவை முயற்சி பண்ணித் தோத்தா அவ என்னைப் பாவம்னு பாப்பா டாக்டர், அதைத் தாங்க மாட்டேன். சரியானதும் நேரா பாயைத் தூக்கிட்டு உள்ள போறேன்'னார்." டாக்டர் கண்ணாடியைத் துடைத்தார். "போன புதன்கிழமை வந்தார். ஒரே சிரிப்பு. 'நாளைக்கு ராத்திரி'ன்னார்."

நாளைக்கு என்றால் வியாழக்கிழமை. அவர் செத்த நாள்.

பாக் தேஜோ பிளாஸ்க்கை நீட்டினார். டாக்டர் முகர்ந்தார். முகம் மாறியது.

"இது வீரியப் பொடி. வேர், இலைன்னு எழுதி விப்பாங்க. இப்பல்லாம் வேலை செய்யணும்னு அந்த மாத்திரையையே அரைச்சுக் கலந்துடறான் பாவி. பாக்கெட்ல ஒரு வார்த்தை இருக்காது. சோதிச்சுப் பாத்தாத்தான் உறுதியா சொல்லலாம், ஆனா அவர் இருந்த நிலைமைக்கு..." நிறுத்தினார். "அன்னைக்கு நெஞ்சு வலிச்சிருக்கும். வழக்கம் போல நாக்குக்கு அடியில மாத்திரை வெச்சிருப்பார். ஆனா பொடியைத் தொட மாட்டேன்னு குரான் மேல சத்தியம் பண்ணினவராச்சே!"

வாசலுக்கு வந்ததும் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. "பாக், அப்ப இது கொலை! யாரோ அவருக்குத் தெரியாம காப்பியில கலந்திருக்காங்க!"

நான் ஒருத்தி கொலைகாரனைப் பிடிக்கக் கிளம்பிவிட்டேன், அவர் முகத்தில் மட்டும் ஈயாடவில்லை.

"காப்பி எங்க ஊத்தினது?" என்றார் கடைசியில்.

"வீட்ல."

"அப்ப வீட்டுப் பக்கத்துக் கடைத்தெருவுக்குப் போ."

அந்தக் கடைத்தெருவில் கஷாயக் கடை ஒன்றே ஒன்றுதான். வாசலில் காளை மாடு படம் போட்ட துணித் திரை. வளைந்தது நிமிரும், சின்னது பெரிதாகும், துவண்டது எழும் என்று அதில் எல்லாவற்றுக்கும் உத்தரவாதம். தடித்த கடைக்காரம்மா ஒருத்தி முட்டை உடைத்துக்கொண்டிருந்தாள்.

"யாருக்கு, உங்களுக்கா?" என்று பாக் தேஜோவைப் பார்த்துக் கேட்டாள். "எடுப்பான ஆளாத்தான் இருக்கீங்க. வெக்கப்படாதீங்க, கசப்புக்கு மேல ஒரு கிளாஸ் இனிப்பு இஞ்சித் தண்ணியும் உண்டு."

நான் சிரித்துவிட்டேன். அன்றைக்குக் கடைசியாகச் சிரித்தது அப்போதுதான்.

பாக் தேஜோ பிளாஸ்க்கைத் திறந்து காட்டினார். "இது உங்க பொடியா?"

மோந்து பார்த்ததுமே தலையாட்டினாள். "என்னோடதுதான். அந்தச் சுக்கு வாசனை வேற எவன்கிட்டயும் கிடையாது."

"பொட்டலமா யார் வாங்கிட்டுப் போறது?"

"ஆம்பளைங்க யாரும் பொட்டலம் வாங்க மாட்டாங்க. இங்கயே நின்னு முட்டையும் தேனும் விட்டு மடக்குன்னு குடிச்சிட்டு, யாரும் பாக்கலையேன்னு ரெண்டு பக்கமும் பாத்துட்டு ஓடிடுவாங்க. வீட்டுக்கு வாங்கிட்டுப் போறவ ஒருத்திதான். கொஞ்ச நாளா வர்றா, வியாழக்கிழமை காலைல."

"எப்படி இருப்பா?" குறுக்கே விழுந்தேன் நான். கொலைகாரி கையில் சிக்கிவிட்டாள் என்றே நினைத்தேன்.

"பாவம், நல்ல மாதிரி. கசப்பு கம்மியா இருக்கறதாப் பாத்துக் குடுங்க, காப்பியில கலந்தா அவருக்குத் தெரியக் கூடாதும்பா. தெரிஞ்சா வெக்கப்படுவாராம். மொத நாள் வந்தப்போ காசைக் குடுத்துட்டு அழுதா." கடைக்காரம்மா தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள். "இங்க நூல் கோத்த ஊசி குத்தியிருக்கும். எங்கயாவது குத்திக்கப் போறியேன்னு நான்கூடத் திட்டுவேன்."

முட்டை ஓடு பாத்திரத்தில் விழுந்த சத்தம் மட்டும் கேட்டது.

பாக் தேஜோ கடையில் மிச்சமிருந்த அந்தப் பொடி அத்தனையையும் ஒரு பையில் போடச் சொன்னார். அடையாள அட்டையைக் காட்டி, உள்ளே என்ன கலந்திருக்கிறது என்று அவளுக்குச் சொன்னார். கடைக்காரம்மா மணையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். எனக்குத் தெரியாது பாக், லாரியில கொண்டு வந்து போடறான், வேர்னு சொன்னான், என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அவர் மருந்து இன்ஸ்பெக்டருக்கு அங்கேயே நின்று போன் செய்தார். எந்த லாரி, எந்த ஆள் என்று எல்லாம் சொன்னார். செத்தவர் பெயரை மட்டும் சொல்லவில்லை.

வண்டிக்கு அருகில் நான் அவரை மறித்தேன். "யத்தேமிகிட்ட சொல்லித்தான் ஆகணும். உண்மையைக் கண்டுபிடிக்கத்தானே நம்மைக் கூப்பிட்டா?"

"அவ கேட்டது ஒரே கேள்வி. அந்தப் பொம்பளை யாரு? அதுக்குப் பதில் சொல்லுவோம். கேக்காததுக்கு வாயைத் தொறக்க வேண்டாம்."

"அது பொய் பாக்."

"கேட்டா சொல்லுவேன். இந்தத் தொழில்ல இறங்கினதுலேருந்து கேஸ் குடுத்தவங்ககிட்ட நான் பொய் சொன்னதில்ல." வண்டியில் ஏறி உட்கார்ந்தார். "கேக்காம இருக்கணும்னு வேண்டிக்கோ."

நான் வேண்டிக்கொண்டேன். தொழுகைக்கே சோம்பல்படுகிறவள் நான்.

யத்தேமி வீட்டில் முன்னறைச் சாமான்களை எல்லாம் வெளியே எடுத்துவிட்டுப் பாய் விரித்திருந்தார்கள். அடுப்படியில் பக்கத்து வீட்டுப் பெண்கள் சோற்றுப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் எங்களை உள்ளறைக்கு அழைத்துப் போய்த் திரையை இழுத்துவிட்டாள்.

"யாரு அவ?"

"அப்படி யாரும் இல்ல, இபு," என்றார் பாக் தேஜோ. "அவர் போனது தனியா. ஒருத்திக்காகத்தான் போனார். அது நீங்கதான்."

குழாய் எதற்கு என்று விளக்குகிற கட்டம் வந்ததும் மனுஷன் உத்தரத்தைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். நான்தான் சொன்னேன். கட்டியோடு போன நரம்பு, டாக்டர், பம்ப், ப்ளைவுட் சுவர், வெட்கம், புதன்கிழமைச் சிரிப்பு, எல்லாவற்றையும் சொன்னேன். எங்கேயும் ஜோக் அடிக்கவில்லை. அடிக்கவும் வரவில்லை.

யத்தேமி கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள்.

"அன்னைக்குக் காலைல என் தலையணையை எடுத்து வெயில்ல வெச்சுட்டுப் போனார்," என்றாள். "அவரோடதையும் பக்கத்துலயே வெச்சார். ரெண்டையும் தட்டி விட்டார். நான் அடுப்படியில இருந்து பாத்துட்டே இருந்தேன். என்னடா திடீர்னு இதுன்னு நெனச்சேன். மத்தியானம் போன் வந்துச்சு."

முக்காட்டின் முனையை வாயில் அழுத்திக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். ரெண்டு வருஷமாக ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் ஒருத்தியும் அந்தப் பக்கம் ஒருத்தனும் ஒரே கவலையில் தூங்காமல் கிடந்திருக்கிறார்கள். ஒரு வார்த்தை பேசியிருந்தால் போதும். அந்த ஒரு வார்த்தையைத்தான் உலகத்தில் எந்த வீட்டிலும் பேச மாட்டேன் என்கிறார்கள், பாழாய்ப்போன மனிதர்கள்.

சட்டென்று அவள் நிமிர்ந்தாள். கண்ணீரோடு முகம் மலர்ந்தது.

"அப்ப என் மருந்து வேலை செஞ்சிருக்கு!"

திரை ஒழுங்காக மூடியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

"உங்ககிட்ட மட்டும் சொல்றேன். நானும் சும்மா இருக்கல பாக். கடையில பொடி வாங்கி, வியாழக்கிழமை தோறும் அவருக்குத் தெரியாம காப்பியில கலந்து குடுத்தேன். வேஸ்ட்டுன்னு நெனச்சேன். இல்லியே! அதனாலதானே அவருக்கு மறுபடி ஆசை வந்திருக்கு, தலையணையை எல்லாம் எடுத்துப் போட்டிருக்கார்!" எழுந்து அரிசி டப்பாவுக்குப் பின்னால் கைவிட்டு இரண்டு பொட்டலங்களை எடுத்தாள். "இது மிச்சம். எதிர் வீட்டு மர்தியோனோவுக்கும் நெஞ்சு ஆபரேஷன் ஆனதுலேருந்து இதே கஷ்டமாம். அவர் பெண்டாட்டி குழாயடியில என்கிட்ட அழுதா. இப்ப துவாவுக்கு வருவா, அவ கையில குடுத்துடப் போறேன். என் கஷ்டம் இன்னொருத்திக்கு வேண்டாம்."

நான் வாயைத் திறந்தேன். பாக் தேஜோவின் செருப்பில்லாத கால் என் கால் மேல் அழுந்தியது.

"இபு," என்றார். தொண்டையைச் செருமிக்கொண்டார். "அது எனக்கு வேணும்."

"உங்களுக்கா?"

"ஆமா."

"ஐயோ. எவ்வளவு நாளா?"

"ரொம்ப நாளா." கழுத்துப் பொத்தானுக்கு மேலே அவர் முகம் முழுவதும் சிவந்திருந்தது. "வேற யாருக்கும் குடுக்காதீங்க. ரெண்டும் எனக்கே வேணும்."

அடுத்த வெள்ளிக்கிழமை ஓதல் கூட்டத்தில் இபு ஹர்னி பக்கத்தில் யத்தேமி உட்காருவாள், ஆறுதலாக அவள் கையைப் பிடிப்பாள், அதற்கடுத்த நாள் சந்து முழுக்கத் தெரிந்துவிடும். இது எனக்குத் தெரியும். அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். கை நீட்டியபடி நின்றார்.

யத்தேமி பொட்டலங்களை அவர் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினாள். அக்கா தம்பிக்குச் செய்கிற மாதிரி.

"இபு ஹர்னி பாவம், ஒரு வார்த்தை சொல்லலையே என்கிட்ட. வெக்கப்படாதீங்க பாக். காப்பி சூடா இருக்கும்போதே கலக்கச் சொல்லுங்க, அப்பதான் கசக்காது."

வெளியே ஆண்கள் வந்து செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. யாரோ மைக்கைத் தட்டிப் பார்த்தார்கள். யத்தேமி முகத்தைத் துடைத்து முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். ஆமீன் சொல்லப் போகிறாள். திரையை விலக்கியவள் திரும்பி அவரைப் பார்த்துத் தைரியம் சொல்கிற மாதிரி சிரித்தாள்.

"நம்பிக்கையா இருங்க. எங்க வீட்டுக்காரருக்கு வேலை செஞ்சுதே. செஞ்சுதுதானே பாக்?"

கேட்டுவிட்டாள். நான் பாக் தேஜோவைப் பார்க்கவில்லை.

"ஆமா, இபு," என்றார். "செஞ்சுது."